வரிசையில் அடுத்தவள்

"வீடு கிடைத்ததா இல்லையா, அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை எழுது" என்று போன வாரம் முழுக்கப் படிக்கிறவர்களிடம் திட்டு வாங்கினேன். இழுத்தடிக்கிறவள் நான் இல்லை, இந்த நகரம். குலுக்கலில் எண் விழுந்த பிறகு சபாஸ் குடும்பத்தைக் கூப்பிடவே அது ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. நான் ரெண்டு வாரம் எடுத்துக்கொண்டதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. பிராங்க்ஸில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி நிக்கோலாசாவின் வீடு. ஹோண்டுராஸ் கடற்கரையிலிருந்து வருகிற எங்கள் கரிஃபுனா சனம் யாராக இருந்தாலும் முதலில் பெட்டியை இறக்குவது அங்கேதான். ஆஸ்பத்திரி சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சபாஸும், படுக்கையில் கிடக்கிற முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்கிற அவர் மனைவி எர்மினியாவும், அவர்கள் மகள் யூலிசாவும் அந்த வீட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு திரைக்குப் பின்னால் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறார்கள். யூலிசாவுக்கு இப்போது பத்தொன்பது வயது.

சம்பளம் குறைவாக வாங்குகிறவர்களுக்கென்று வாடகையைக் கட்டுக்குள் வைத்துக் கட்டுகிற வீடுகளுக்கு இங்கே குலுக்கல் நடக்கும். யூலிசா கைபேசியிலேயே விண்ணப்பம் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தாள். கடைசியில், ஹண்ட்ஸ் பாயிண்ட் பக்கம் புதிதாக எழும்பிய கட்டடத்தில், ரெண்டு படுக்கையறை உள்ள வீட்டுக்கு இவர்களுடைய எண் வந்தது. வியாழக்கிழமை மதியம் வீட்டைப் பார்க்க வேண்டும், அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேரும் நேரில் வர வேண்டும். அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

வியாழன் காலையில் நிக்கோலாசா வீட்டில் குளியலறைக்கு அடிதடி. பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்றால் வேறென்ன நடக்கும். எர்மினியா எல்லோருக்கும் முன்னால் எழுந்து குளித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற மஞ்சள் கவுனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு பாக்கப் போறியா, கல்யாணம் கட்டப் போறியா?" என்றாள் நிக்கோலாசா.

"ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. போய் நிக்கறப்ப அவங்களுக்கு நம்மளப் பிடிக்கணும்."

"கல்யாணத்துல அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்லடி. இவனப் பிடிச்சா கட்டுன நீ?"

சபாஸ் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் நிக்கோலாசாவின் செத்துப்போன புருஷனை இழுத்து வைத்துப் பதில் கொடுத்திருப்பார். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கயிறு கட்டி முடிந்த பிறகும் குனிந்தபடியே இருந்தார். பதற்றம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

"போயிட்டு வாங்க. திரும்பி வர்றப்ப சாவியோட வரணும்" என்றாள் நிக்கோலாசா. ஆறு வருஷம் இடம் கொடுத்தவள் குரலில், விட்டால் போதும் என்கிற தொனி கொஞ்சம்கூட இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அவள் அப்படிப்பட்டவள்.

புதுக் கட்டடத்தின் அலுவலகத்தில் மிஸ் ஃப்ளெட்சர் காத்திருந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, குரல் உயர்த்தாத மனுஷி. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாற்காலிகள் போட்டிருந்தன. அதில் ஒன்றில் பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு பெண் மடியில் காகித உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யூலிசா அவளைப் பார்த்துச் சும்மா தலையாட்டினாள், அவளும் ஆட்டினாள்.

"முதல்ல வீட்டப் பாருங்க. பிடிச்சா கையெழுத்து. பிடிக்கலன்னா வெக்கப்படாம சொல்லுங்க, வரிசையில அடுத்த நம்பருக்குப் போயிடும்" என்றார் மிஸ் ஃப்ளெட்சர்.

லிஃப்டில் சிறுநீர் வாடை இல்லை. அதற்கே எர்மினியா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பதாவது மாடி. கடைசிக் கதவு. பூட்டு அதிகச் சத்தமில்லாமல் திறந்தது.

எர்மினியா வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றினாள்.

"வேண்டாம்மா, செருப்போடயே வரலாம்."

"பரவால்ல மிஸ்."

உள்ளே பெயிண்ட் வாசனை. சாமான் எதுவும் இல்லாத கூடம். மரத்தரையில் வெயில் அகலமாக விழுந்து கிடந்தது. மூன்று பேரும் நடுவில் போய் நின்றார்கள். யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆள் இல்லாத அறையில் அவர்கள் நின்றே பல வருஷம் ஆகிறது.

மிஸ் ஃப்ளெட்சர் சமையலறை ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். இந்த வேலையில் அவருக்குப் பழக்கம் அது. கதவைத் திறந்துவிட்டதும் மனிதர்கள் என்னென்னவோ செய்வார்கள். போன வாரம் ஒரு பெரியவர் காலியான குளியல் தொட்டியில் ஏறி உட்கார்ந்து அழுதாராம். கூட இருந்து பார்க்கக்கூடாது என்று மிஸ் ஃப்ளெட்சர் தனக்கே ஒரு விதி வைத்திருந்தார்.

எர்மினியா ஒரு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நேரம் போனது. சபாஸ் வெளியே நின்று கூப்பிட்டார்.

"என்ன பண்ற உள்ள?"

"ஒண்ணும் பண்ணல. கதவ சாத்தியிருக்கேன்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. பிற்பாடு என்னிடம் சொன்னாள், உள்ளே நின்று யாராவது தட்டுவார்கள் என்று காத்திருந்தாளாம். நிக்கோலாசா வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தினால் சோப்பு போடுவதற்குள் தட்டுவார்கள். இங்கே யாரும் தட்டவில்லை. அந்த அமைதியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு முதலில் பயம் வந்தது, அப்புறம் சந்தோஷம் வந்தது. சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாளாம்.

மற்ற அறையில் யூலிசா தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். கையையும் காலையும் முடிந்தமட்டும் அகட்டி வைத்திருந்தாள்.

"அம்மா, இங்க வந்து பாரேன். எதுவும் இடிக்கல."

"எழுந்திருடி, மிஸ் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இன்னும் ஒரு நிமிஷம்."

கூடத்து ஜன்னல் பக்கம் சபாஸ் போனது அப்போதுதான். அவர் தொப்பியைக் கழற்றியதை மிஸ் ஃப்ளெட்சர் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கிடங்குக் கூரைகளையும் லாரிகளையும் தாண்டி, கிழக்கு ஆறு அகன்று கிடந்தது. அகலம் என்றால் அப்படி ஓர் அகலம். வெயில் பட்டு அதில் பாதி வெள்ளையாக இருந்தது. ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு, தண்ணீரைத் தொட்டுவிடும் போலத் தாழ்ந்து தாழ்ந்து அக்கரை ஓடுதளத்துக்குப் போனது.

"எர்மி" என்றார். மறுபடியும் கூப்பிட்டார்.

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். யூலிசாவும் வந்தாள். இருபது வருஷமாக இந்தப் பிராங்க்ஸில் இருக்கிறார்கள். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த இடம்தான், யாருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் இருந்த எந்த ஜன்னலும் செங்கல் சுவரைத்தான் பார்த்தது. தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலுக்குக் காசு போட்டுப் போக வேண்டும், லீவு நாளாக இருக்க வேண்டும், மழை வரக்கூடாது.

"மிஸ்" என்று சபாஸ் திரும்பினார். "இதுக்குத் தனியா ஏதும் குடுக்கணுமா?"

"எதுக்கு?"

அவர் ஜன்னலைக் காட்டினார்.

மிஸ் ஃப்ளெட்சர் சிரிக்கவில்லை. "இல்ல சார். அதுவும் வாடகைலயே சேந்தது."

"எல்லா நாளும் இருக்குமா?"

"எல்லா நாளும்."

எர்மினியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அழுகையை நிறுத்த அவளுக்குத் தெரிந்த வழி ஏதாவது காரியம் பார்ப்பது. குழாயைத் திறந்து மூடினாள், அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் தரையில் குதிகாலால் ரெண்டு உதை உதைத்தாள்.

"கீழ யாரு இருக்காங்க?"

"இன்னும் யாரும் வரல. ஏன் கேக்கறாங்க?" என்று மிஸ் ஃப்ளெட்சர் யூலிசாவைப் பார்த்தார்.

"வாழக்கா இடிப்போம்ல, உரல்ல. அதுக்குத்தான் கேட்டேன்" என்றாள் எர்மினியா ஸ்பானிஷில்.

"நெறைய சமைப்போம்னு சொல்றாங்க" என்று யூலிசா ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். நிக்கோலாசா வீட்டு உரலுக்கு நேர் கீழே குடியிருக்கிறவள் நான். அந்தப் பெண் எவ்வளவு புத்திசாலி என்று எனக்குத் தெரியும்.

கீழே வந்து கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்தார்கள். பச்சைத் தலைத்துணிக்காரி அதே நாற்காலியில்தான் இருந்தாள். தடுப்பின் கதவு சாத்தவில்லை. மிஸ் ஃப்ளெட்சர் ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தார், யூலிசா ஸ்பானிஷில் சொன்னாள். சபாஸின் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தபோது மேசைக்கடியில் வைத்து, வந்த செய்தியைப் படித்தார்.

"இது முக்கியம், கவனிச்சுக் கேளுங்க" என்றார் மிஸ் ஃப்ளெட்சர். "இந்த வீட்டுல குடியிருக்கப் போறது விண்ணப்பத்துல இருக்கற நீங்க மூணு பேர் மட்டும்தான். விருந்தாளிங்க வரலாம், ரெண்டு வாரம் தங்கலாம். அதுக்கு மேல ஒரு ஆள் குடியிருந்தா ஒப்பந்தத்த மீறுன மாதிரி. வீடு போயிடும். புரிஞ்சுதா?"

எர்மினியா தலையாட்டினாள். யூலிசா தலையாட்டினாள். சபாஸ் பேனாவைக் கையில் எடுத்திருந்தவர் மேசைமேல் வைத்துவிட்டார்.

மிஸ் ஃப்ளெட்சர் அதைக் கவனிக்கவில்லை. "நகல் எடுத்துட்டு வந்துடறேன்" என்று பின்னாலிருந்த இயந்திரத்துக்குப் போனார். அங்கிருந்தும் இவர்கள் முகம் தெரியும்.

எர்மினியா முகத்தில் சிரிப்பை மாற்றாமல் கரிஃபுனா பாஷைக்குத் தாவினாள். அந்த அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது என்கிற தைரியம்.

"ஃபோன்ல யாரு?"

"டொமாசா."

டொமாசா சபாஸின் தங்கை. நியூ ஆர்லியன்ஸில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள், ரெண்டு பிள்ளைகளோடு.

"இந்நேரம் வேலைல இருக்கறவ எதுக்குக் கூப்பிடறா?"

"வேலைல இல்ல. வேலை போயிடுச்சு. வீடும் போயிடுச்சு."

"பின்ன எங்க இருக்கா?"

சபாஸ் மேசையைப் பார்த்தார். "நாப்பத்திரண்டாம் தெரு பஸ் ஸ்டாண்டுல. இப்பதான் வந்து இறங்கியிருக்கா. பிள்ளைங்களும் கூட."

எர்மினியாவின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. "நீ வரச் சொன்னியா?"

"நான் வான்னு ஒரு வார்த்த சொல்லல, சத்தியமா. வீடு பாக்கக் கூப்பிட்ட அன்னிக்கு சொந்தக்காரங்க குரூப்ல பேசிப் போட்டேன். வீடு வந்திருக்கு, ரெண்டு ரூம், ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டாருன்னு. அவ்வளவுதான்."

"வேண்டாம்னு சொன்னியா?"

"பஸ் ஏறிட்டேன்னு சொன்னவகிட்ட அத எப்படி எர்மி சொல்ல முடியும்?"

வேறு எந்தச் சனமாக இருந்தாலும் சாவி கைக்கு வரும் வரை மூச்சு விட்டிருக்காது. எங்கள் ஆட்களுக்கு அது வராது. வீடு கிடைத்தால் ஊருக்கெல்லாம் சொல்வோம். சொல்லிவிட்டால் கேட்டவன் எவன் வந்து நின்றாலும் பாய் விரிப்போம். நிக்கோலாசாவும் அப்படி ஒரு நாள் சொன்னவள்தான், பிறகு அவள் கூடத்தில் நடந்து போக வழி இருந்ததில்லை. அண்ணன் சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டு டொமாசா பஸ் ஏறினாள் என்றால் அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"இந்தப் பேப்பர் என்ன சொல்லுதுன்னா, என் கூடப் பொறந்தவ என் வீட்ல இருக்கக்கூடாதுன்னு நானே எழுதிக் குடுக்கணும். என்னால முடியாது" என்றார் சபாஸ்.

"முடியாதா? ஆறு வருஷம் நான் துணி மாத்த விளக்க அணைச்சுட்டு நின்னிருக்கேன். புருஷன்கிட்ட ஒரு வார்த்த கோவமாப் பேசணும்னாலும் தெருவுக்குப் போய்ப் பேசியிருக்கேன். உனக்கு இப்ப முடியாதா?"

"அம்மா, சிரிச்ச மூஞ்சியாவே சண்ட போடு. மிஸ் பாக்கறாங்க" என்றாள் யூலிசா.

எர்மினியா பல்லைக் காட்டினாள். "நிக்கா அக்கா வீட்ல நம்ம மூலை காலியாகுதுல்ல. அங்க போகட்டும்."

"காலியா? நேத்தே ரெண்டு பசங்க வந்து பெட்டிய இறக்கிட்டானுங்க. நீதான் பாக்கல."

அது உண்மை. நானும் பார்த்தேன்.

"பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" எர்மினியாவின் குரல் இறங்கிவிட்டது. நாத்தனார்மேல் அவளுக்குப் பாசம் உண்டு, அதுதான் தொல்லை. பாசம் இல்லாதவளாக இருந்தால் பேனாவை எடுத்துப் புருஷன் கையில் திணித்திருப்பாள்.

"ஃபோன்ல சார்ஜ் இல்லன்னு எழுதியிருக்கா. யாரோ ஒருத்தன் வண்டி இருக்கு, கொண்டு போய் விடறேன்னு சுத்திச் சுத்தி வர்றானாம்."

"அப்பா, நான் போறேன்" என்று யூலிசா எழுந்தாள்.

"நீ போனா கையெழுத்து? மூணு பேரும் இங்க இருக்கணும்."

யூலிசா உட்கார்ந்தாள். தலைக்கு மேலே ஒன்பது மாடி உயரத்தில் அந்த வெயிலும் அந்தக் கதவும் இருந்தன. ரயிலில் முக்கால் மணி நேரத் தூரத்தில் டொமாசா ரெண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இயந்திரம் நகல்களைத் துப்பிக்கொண்டிருந்தது.

"உங்க தங்கச்சி என்ன கலர் துணி போட்டிருக்கு?"

கேட்டது தடுப்புக்கு வெளியிலிருந்து. கேட்ட பாஷை கரிஃபுனா.

மூன்று பேரும் திரும்பினார்கள். பச்சைத் தலைத்துணிக்காரி நாற்காலியில் முன்னால் சாய்ந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க... நம்மாளா?" என்றார் சபாஸ்.

"ஆமா, ட்ருஹியோ ஊரு. பேரு பாசிலியா. மன்னிச்சுக்குங்க, காத அடைச்சுக்கத்தான் பாத்தேன். சிரிச்சுக்கிட்டே சண்ட போடறவங்கள நான் பாத்ததில்ல, கேக்காம இருக்க முடியல."

எர்மினியாவுக்கு முகம் சூடாகிவிட்டது. "நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"பேப்பர் குடுக்க. உங்க வேலை முடிஞ்சுதான் கூப்பிடுவாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நேர்ல குடுக்கணும், இல்லன்னா வரிசையிலேருந்து எடுத்துடுவாங்க, அடுத்து வர்ற வீடும் கெடைக்காது." அவள் உறையைத் தட்டினாள். "உங்களுக்கு அடுத்த நம்பர் நான்தான்."

இவர்கள் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த ஒன்பதாவது மாடி வீடு இந்தப் பெண்ணுக்கு. இவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சபாஸ் பேனாவைக் கீழே வைத்ததையும் பார்த்திருக்கிறாள்.

எர்மினியா மனசில் பட்டதைக் கேட்டுவிடுகிறவள். "நீங்க வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தா வீடு உங்களுக்கு வந்திருக்கும். எதுக்கு வாயத் தொறந்தீங்க?"

"எனக்கும் அதுதான் புரியல" என்றாள் பாசிலியா. "என் ரெண்டு பொண்ணுங்களோட நானும் அந்த பஸ் ஸ்டாண்டுல நின்னிருக்கேன். கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன ஆளு வரவே இல்ல. வண்டி இருக்குன்னு ஒருத்தன் வந்தான். நல்லவேளை, நான் ஏறல." அவள் எழுந்து உறையைக் கையில் எடுத்தாள். "கலர சொல்லுங்க, நேரம் ஆகுது."

"நீங்க போறீங்களா?"

"நீங்க மூணு பேரும் போக முடியாது. வேற யாரு போறது, மிஸ்ஸா?"

சபாஸ் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, கூட்டிட்டு வந்தாலும்... நான் இந்தக் கையெழுத்த எப்படிப் போடறது?"

பாசிலியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பொழைக்கத் தெரியாத மனுஷனா இருக்கீங்களே. ரெண்டு வாரம் விருந்தாளி இருக்கலாம்னு அவங்களே சொல்றாங்க. ரெண்டு வாரம் உங்ககிட்ட இருக்கட்டும். அப்புறம் ரெண்டு வாரம் என்கிட்ட. அப்புறம் நீங்க சொல்ற அந்த நிக்கா அக்கா. யாரும் போன்னு சொல்ல வேண்டாம், யாரும் விதிய மீற வேண்டாம். அதுக்குள்ள ஒரு வேலை கெடைக்காமலா போகும்? நம்ம பிள்ளைங்க பாதி அப்படித்தானே வளந்துச்சு."

"உங்ககிட்டன்னா, உங்க வீடு எங்க?" என்று யூலிசா கேட்டாள்.

"சித்தி மக வீட்டு சமையக்கட்டுல படுக்கறோம், நானும் பொண்ணுங்களும். நெருங்கிப் படுத்தா இன்னும் மூணு பேருக்கு இடம் இருக்கு."

இதை எர்மினியா என்னிடம் சொன்னபோது நான் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். இந்த ஊரில் நான் பார்க்காத மனிதர் இல்லை, கேட்காத கதை இல்லை என்று கொஞ்சம் தலைக்கனம் எனக்கு உண்டு. சமையல்கட்டில் படுத்திருக்கிற ஒருத்தி, தனக்கு வந்திருக்கக்கூடிய வீட்டில் குடியேறப் போகிறவர்களைப் பார்த்து, என்னிடம் இடம் இருக்கிறது என்கிறாள். கணக்கெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னவள்கூட இல்லை. நினைத்தாள், சொன்னாள்.

"சிவப்புச் சட்டை" என்றார் சபாஸ். "நீலப் பெட்டி ஒண்ணு. சின்னவன் கையில ஒரு பந்து இருக்கும், அத விடவே மாட்டான்."

"அஞ்சுக்குள்ள திரும்பிடுவீங்களா?" என்றாள் எர்மினியா.

"ரயில் ஒழுங்கா ஓடினா." அதைச் சொல்லும்போது பாசிலியாவே சிரித்தாள். ஆறாம் நம்பர் ரயிலை நம்பிக் காலம் தள்ளுகிற யாருக்கும் அந்தச் சிரிப்பு தெரியும். அவள் காகித உறையை நீட்டினாள். "இத வெச்சிருங்க தங்கச்சி. கூட்டத்துல தொலைஞ்சா என் கத முடிஞ்சுது."

எர்மினியா ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. பச்சைத் தலைத்துணி தெருவில் வேகமாகப் போய் மறைந்தது.

"அம்மா, முன்ன பின்ன தெரியாதவங்க" என்றாள் யூலிசா மெதுவாக.

"உன் அத்தைக்கு நம்ம நம்பர் வந்ததே தெரிஞ்சு போச்சு. அந்தம்மாவ நமக்குத் தெரியலன்னா என்ன" என்றாள் எர்மினியா. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

மிஸ் ஃப்ளெட்சர் நகல்களோடு வந்தார். எர்மினியா முதலில் போட்டாள். யூலிசா போட்டாள். சபாஸ் ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகத் தன் முழுப்பெயரையும் எழுதினார். கடைசிப் பக்கத்தில் எழுத்தின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. சட்டைக் கையால் ஒற்றினார்.

"பரவால்ல சார்" என்றார் மிஸ் ஃப்ளெட்சர். "எல்லாரும் இந்த இடத்துல அழுவாங்க."

சபாஸ் எதற்கு அழுகிறார் என்று அந்த மனுஷிக்கு யாரும் விளக்கவில்லை. விளக்கவும் முடியாது. வீட்டுக்காகக் கொஞ்சம், தங்கைக்காகக் கொஞ்சம், பெயர் மட்டுமே தெரிந்த ஒருத்திக்காக மிச்சம்.

இன்னும் ஏதேதோ பக்கங்கள், முத்திரை, சாட்சிக் கையெழுத்து. எல்லாம் முடிந்து மேசைமேல் மூன்று சாவிகள் வந்து விழுந்தபோது நாலரை தாண்டியிருந்தது. யூலிசா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சபாஸ் கைபேசியைக் காதில் வைத்தார். டொமாசாவின் கைபேசி அணைந்திருந்தது.

"அப்பா, இதப் பாரு" என்று யூலிசா தன் கைபேசியைக் காட்டினாள். ஆறாம் நம்பர் ரயில் வழியில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று தெரியாது என்று அதில் செய்தி ஓடியது.

பாசிலியா அவர்களைக் கண்டுபிடித்தாளா, அதற்கு முன்னால் அந்த வண்டிக்காரன் பெட்டியைத் தூக்கிவிட்டானா, எதுவும் தெரியவில்லை. சபாஸ் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார், உள்ளே வந்தார், மறுபடியும் வாசலுக்குப் போனார்.

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க மேல போங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடினார்.

"வாம்மா, நம்ம சாவி போட்டு நம்மளே தொறந்து பாக்கலாம்" என்றாள் யூலிசா.

எர்மினியா நகரவில்லை. மிஸ் ஃப்ளெட்சர் தடுப்புக்கு வெளியே வந்து கையிலிருந்த தாளைப் பார்த்துப் பெயர் படித்தார்.

"பாசிலியா சுவாசோ."

நாற்காலிகள் காலியாக இருந்தன. அவர் இன்னொரு தடவை படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தாளில் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார்.

எர்மினியா தடுப்பைத் தாண்டி வந்து, பாசிலியா உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். காகித உறையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டிருக்காங்க மிஸ்."

"நேர்ல இல்லன்னா நான் அடுத்தவங்களக் கூப்பிடணும்மா. என் கையில இல்ல."

"அவங்களுக்கு அஞ்சு மணின்னுதானே சொன்னீங்க. அஞ்சு இன்னும் ஆகலயே." அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான், ஆனாலும் யூலிசாவைக் கூப்பிடவில்லை. "அதுவரைக்கும் இந்த நாற்காலில ஆள் இருக்கு."

மிஸ் ஃப்ளெட்சர் அவளையே பார்த்தார். புதுச் சாவி கையில் இருக்கிறது, மேலே வீடு காத்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் சாவி வாங்கியவர் யாரும் திரும்ப வந்து காத்திருப்பவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

எர்மினியா யோசித்தாள். இன்று மதியம் வரை அந்தப் பெண்ணின் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

"நான் அவங்களுக்கு முந்தின நம்பர்" என்றாள்.

மிஸ் ஃப்ளெட்சர் பேனாவை மூடினார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அவரும் உட்கார்ந்தார்.